பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்டைத் தத்தெடுப்பவர்களுக்கு: உடல்நலமும் பாதுகாப்பும்

பந்தயத் தடத்தில் ஓடி முடித்த கிரேஹவுண்ட் நாயைத் தத்தெடுக்க முன்வருபவர்களில் பலர், முன்பே வேறு நாய்களை வளர்த்தவர்களாக இருப்பார்கள். அந்த அனுபவம் பல இடங்களில் கைகொடுக்கும்; சில இடங்களில் அதுவே காலை வாரிவிடும். கிரேஹவுண்டின் இரத்தப் பரிசோதனை எண்கள், மயக்க மருந்தை அதன் கல்லீரல் கையாளும் விதம், தோலின் மென்மை, கழுத்தின் அமைப்பு எல்லாமே பிற நாய்களிலிருந்து வேறுபட்டவை. அது வளர்ந்த சூழலும் வேறு. பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் ஓய்வு பெறும் இந்த நாய், அதுவரை ஒரு வீட்டின் உட்புறத்தைக்கூடப் பார்த்திராமல் இருக்கலாம். 10 முதல் 13 ஆண்டுகள் வரை வாழக்கூடியது என்பதால், தடத்தில் ஓடிய காலத்தைவிட உங்களோடு இருக்கப்போகும் காலமே நீளமானது. அதை அழைத்து வருவதற்கு முன்பு செய்ய வேண்டியவை முதல் முதுமையில் கவனிக்க வேண்டியவை வரை, ஏறக்குறைய அவை எதிர்ப்படும் வரிசையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன்.

அழைத்து வருவதற்கு முன்

முதலில், நாயைத் தரும் அமைப்பிடம் இருக்கும் எல்லாத் தகவல்களையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடைசியாக ஓடியபோது இருந்த எடை, போடப்பட்ட தடுப்பூசிகள், புழு நீக்க மருந்து கொடுத்த தேதிகள், இப்போது உண்ணும் உணவு, பூனைகளுக்கும் சிறு நாய்களுக்கும் அருகில் விட்டுப் பார்த்தபோது நடந்துகொண்ட விதம், பந்தயத்தில் ஏற்பட்ட காயங்கள் ஆகிய அனைத்தும் பின்னர் பயன்படும். காயங்களை மட்டும் துருவிக் கேளுங்கள். பந்தயங்கள் இடப்புறமாகத் திரும்பும் வளைவுகளில் ஓடப்படுவதால், வளைவின் வெளிப்பக்கம் இருக்கும் வலது பின்னங்காலின் கணு எலும்புகள் மிகுந்த அழுத்தத்தைத் தாங்குகின்றன. அங்கே ஏற்படும் முறிவு, ஒரு கிரேஹவுண்டின் பந்தய வாழ்வு முடிவுக்கு வருவதற்கான நன்கறியப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஆறிவிட்டது என்று சொல்லப்படும் அந்தக் கணு, 8 அல்லது 9 வயதில் மூட்டுவாதமாகத் திரும்பி வரக்கூடும். அப்போது பழைய எக்ஸ்ரே படம் கையில் இருப்பது மருத்துவருக்குப் பெரிய உதவி.

அமெரிக்காவில் பந்தயத்துக்குப் பதிவு செய்யப்பட்ட நாய் என்றால் அதன் இரு காதுகளின் உட்புறத்திலும் பச்சை குத்தியிருப்பார்கள். வலது காதில் பிறந்த மாதமும், ஆண்டின் கடைசி இலக்கமும், ஒரே ஈற்றுக் குட்டிகளைப் பிரித்தறியும் ஓர் எழுத்தும் இருக்கும். இடது காதில் இருப்பது அந்த ஈற்றின் பதிவு எண். இரண்டையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நாய் தொலைந்தால் அதைக் கண்டெடுப்பவர் பச்சையைப் படித்து உங்களைத் தேடுவார் என்று நம்பியிருக்க வேண்டாம். மைக்ரோசிப் பொருத்தி, அதை உங்கள் பெயருக்கு மாற்றிப் பதிவு செய்வதே முதல் நாளில் முடிக்க வேண்டிய வேலை. பலர் சிப் இருக்கிறது என்பதோடு நின்றுவிடுகிறார்கள். அதன் பதிவில் பழைய உரிமையாளரின் தொலைபேசி எண்ணே இருந்துகொண்டிருக்கும்.

வீட்டை நாயின் கண்மட்டத்திலிருந்து ஒருமுறை பாருங்கள். கண்ணாடிக் கதவுகளில் அதன் மூக்கு உயரத்தில் காகிதப் பட்டைகளை ஒட்டுங்கள்; கண்ணாடி என்ற ஒன்று இருப்பதே தெரியாத நாய், திறந்தவெளி என்று எண்ணி அதில் மோதும். வழுக்கும் தரையில் அது நடக்கும் பாதை முழுவதும், அடியில் ரப்பர் பிடிப்புள்ள விரிப்புகளைப் போடுங்கள். கூரிய மேசை முனைகள், வெளியே நீட்டிய ஆணிகள், தோட்டத்தில் உடைந்த கம்பி ஆகியவற்றை அகற்றுங்கள். இதற்கான காரணத்தைத் தோலைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன். நீச்சல் குளம் இருந்தால் அதைச் சுற்றித் தடுப்பு கட்டாயம் வேண்டும். தசை மிகுந்து கொழுப்புக் குறைந்த உடல் என்பதால் பல கிரேஹவுண்டுகளால் நீரில் மிதக்க முடிவதில்லை. சமையல் மேடை உயரத்தை இவை எளிதாக எட்டும் என்பதால் சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி கலந்த மிட்டாய்கள் ஆகிய நஞ்சாகக்கூடிய பொருள்களை மூடிய அலமாரிக்குள் வையுங்கள்.

முதல் நாட்கள்

வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே, நாய் சிறுநீர் கழிக்க வேண்டிய இடத்துக்கு அதை நடத்திச் சென்று, கழித்து முடிக்கும்வரை காத்திருங்கள். நாய்க்கூடத்தில் குறிப்பிட்ட வேளைகளில் வெளியே விடப்பட்டுப் பழகிய நாய் என்பதால், நீங்களும் வேளை தவறாமல் வெளியே கொண்டுபோனால் சில நாட்களிலேயே வீட்டு ஒழுங்கைக் கற்றுக்கொள்ளும். முதல் நாள் உறவினர்களை அழைத்துக் காட்ட வேண்டாம். ஓர் அறை, ஒரு படுக்கை, ஒரு தண்ணீர்க் கிண்ணம் போதும். ஒவ்வோர் அறையாகக் கழுத்துவாரோடு அழைத்துச் சென்று காட்டலாம்.

படிக்கட்டு உண்மையான சிக்கல். ஏறத்தெரியாத நாயை இழுத்தால் அது நான்கு கால்களையும் ஊன்றிச் சிலைபோல நின்றுவிடும். இறங்கத்தெரியாத நாய், எல்லாப் படிகளையும் ஒரே தாவலில் கடக்கப் பார்க்கும். 30 கிலோ எடையும் மெல்லிய நீண்ட கால் எலும்புகளும் கொண்ட உடலுக்கு அந்தத் தாவல் ஒரு முறிவில் முடியலாம். இரண்டு பேர் இருந்து, ஒருவர் முன்னால் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் பின்னாலிருந்து நாயின் பாதங்களை ஒவ்வொன்றாகப் படியில் எடுத்துவைத்துப் பழக்குங்கள். கற்றுக்கொள்ளும்வரை படிக்கட்டின் மேலும் கீழும் தடுப்புக் கதவு இருக்கட்டும்.

உறக்கத்தைப் பற்றித் தெரியாததால் ஏற்படும் விபத்து, தத்தெடுத்த நாய் திருப்பி அனுப்பப்படும் அளவுக்குப் போகக்கூடியது. பல கிரேஹவுண்டுகள் கண்களைத் திறந்துவைத்தே உறங்கும். நாய்க்கூடத்தில் ஒவ்வொரு நாய்க்கும் தனித்தனித் தடுப்பு இருந்ததால், உறக்கத்தில் எவரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். ஆகவே விழித்திருக்கிறது என்று எண்ணிக் குழந்தை ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தால், திடுக்கிட்டு விழிக்கும் நாய் உறுமும் அல்லது வாயைக் கொண்டுவரும். அது கெட்ட குணமன்று. தொடுவதற்கு முன் சற்றுத் தொலைவிலிருந்து பெயர் சொல்லி அழைத்து, தலையை உயர்த்திப் பார்த்த பிறகே நெருங்க வேண்டும் என்பதை வீட்டில் அனைவருக்கும் விதியாக்குங்கள். படுக்கையை நடைவழியில் போடாமல் ஒரு மூலையில் போடுங்கள். கட்டிலிலோ சோபாவிலோ உங்களோடு படுக்கவைப்பதைச் சில மாதங்களுக்குத் தள்ளிப்போடுவது நல்லது. உறுமியதற்காக நாயைத் தண்டிக்க வேண்டாம். உறுமல் ஓர் எச்சரிக்கை, அதை அடக்கிவிட்டால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலே கடி வரும்.

தனிமையும் இப்படியே. பிறந்த நாள் தொட்டு மற்ற நாய்களின் மூச்சொலிக்கு நடுவே வாழ்ந்த உயிர் இது. முதல் வாரத்தில் நீங்கள் முழுநேரமும் உடனிருந்துவிட்டு, எட்டாம் நாள் எட்டு மணி நேரம் வெளியே போனால் கதவுகளைக் கீறியும் ஊளையிட்டும் அது தவிக்கும். முதல் நாளிலிருந்தே ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், கால் மணி நேரம் என்று வெளியே சென்று திரும்புவதை ஆரவாரமில்லாமல் செய்து பழக்குங்கள்.

கழுத்துப்பட்டையும் வெளி நடையும்

கிரேஹவுண்டின் கழுத்து அதன் தலையைவிடப் பருமனானது. சாதாரணக் கழுத்துப்பட்டையை எவ்வளவு சரியாக இறுக்கினாலும், நாய் பயந்து பின்வாங்கினால் பட்டை காதுகளின் மேலாக வழுக்கிக் கழன்றுவிடும். இதற்கென்றே மார்டிங்கேல் என்னும் அகலமான பட்டை உண்டு. நாய் இழுக்கும்போது ஓர் அளவுவரை மட்டும் இறுகி, விட்டதும் தளரும். காதுகளுக்குப் பின்னால், கழுத்தின் மேற்பகுதியில் அது இருக்க வேண்டும். வெளியே செல்லும்போது மட்டும் மார்டிங்கேலை அணிவித்து, வீட்டுக்குள் உங்கள் தொலைபேசி எண் பொறித்த வில்லையோடு கூடிய தளர்வான பட்டையைப் போட்டுவையுங்கள். மார்டிங்கேலின் வளையம் ஏதேனும் ஒன்றில் சிக்கினால் அது இறுகி நாய்க்கு ஆபத்தாகலாம். பயந்த சுபாவமுள்ள நாய்க்கு முதல் சில மாதங்களில் பட்டையும் உடல்வாரும் இரண்டும் அணிவித்து, இரண்டிலும் கயிற்றை மாட்டுவது மேலும் பாதுகாப்பு.

உருளையிலிருந்து நீண்டு சுருங்கும் கயிறுகளை வாங்கவே வேண்டாம். கிரேஹவுண்ட் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடியது. அந்த வேகத்தைச் சில தாவல்களிலேயே எட்டிவிடும். ஐந்து மீட்டர் தளர்ந்த கயிற்றின் முனையில் அந்த வேகம் திடீரென்று நிற்கும்போது நாயின் கழுத்தெலும்பு முறியலாம், உங்கள் விரல்களும் அறுபடலாம். கைப்பிடி நழுவிவிட்டாலோ, பின்னால் தரையில் மோதிக்கொண்டே வரும் அந்தப் பிளாஸ்டிக் உருளையைக் கண்டு மிரண்டு நாய் நிற்காமல் ஓடும். ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நீளமுள்ள சாதாரண வாரைப் போதுமானதாகக் கொண்டு, அதன் வளையத்தில் மணிக்கட்டை நுழைத்துக் கையால் பற்றுங்கள். இதே காரணத்தால் நாயைத் தோட்டத்தில் கம்பத்தில் கட்டிப்போடுவதும் ஆபத்து.

வேலி இல்லாத திறந்தவெளியில் கயிற்றை அவிழ்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், கூடாது என்பதே. மிக நன்றாகக் கீழ்ப்படியும் நாய்கூட, தொலைவில் முயல் ஒன்று அசைந்தால் உங்கள் குரலைக் கேட்காது. கண்ணால் கண்டு துரத்துவதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட இனம் அது; துரத்தத் தொடங்கியபின் சாலையும் வாகனமும் அதன் கவனத்தில் வாரா. சுற்றிலும் ஒன்றரை மீட்டருக்குக் குறையாத வேலி உள்ள இடத்தில், வாசற்கதவின் தாழ்ப்பாளை நீங்களே சரிபார்த்த பிறகு அவிழ்த்துவிடலாம். அங்கும் முதல் வாரங்களில் நெடுநேரம் ஓடவிட வேண்டாம். பயிற்சி விட்டுப்போன தசைகளோடு முழு வேகத்தில் ஓடினால் தசைநார்கள் சிதையக்கூடும். ஓடி முடித்தபின் உடல் விறைத்து, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் அது சிறுநீரகத்தைத் தாக்கும் அவசர நிலை, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கூடை வடிவ வாய்க்கூடு பார்ப்பவர்களுக்குக் கொடுமையாகத் தோன்றலாம். நாய்க்கு அப்படியன்று, பந்தயக் காலத்தில் தினமும் அணிந்து பழகிய பொருள் அது. அதை அணிந்தபடியே மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடியும். பல கிரேஹவுண்டுகளைச் சேர்ந்து ஓடவிடும்போதும், வீட்டுப் பூனையோடு முதன்முதலில் ஒரே அறையில் விடும்போதும் கட்டாயம் அணிவியுங்கள். வீட்டுக்குள் பூனையோடு ஒத்துப்போகும் நாய், அதே பூனை தோட்டத்தில் ஓடும்போது அதை இரையாகவே பார்க்கக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நாய் தப்பித்துவிட்டால் துரத்தாதீர்கள். துரத்துவது அதை மேலும் தொலைவுக்கு விரட்டும். அது கடைசியாகக் காணப்பட்ட இடத்தில் உங்கள் ஆடையொன்றையும் வாடை மிகுந்த உணவையும் வைத்து, தத்துக்கொடுத்த அமைப்புக்கும் அருகிலுள்ள மருத்துவமனைகளுக்கும் சொல்லுங்கள். கண்ணில் பட்டால் குனிந்து, பக்கவாட்டில் திரும்பி, அமைதியாக அழையுங்கள்.

முதல் மருத்துவப் பரிசோதனை

தத்தெடுத்த முதல் இரண்டு வாரங்களுக்குள், நாய் நலமாக இருந்தாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டி, ஒரு முழு இரத்தப் பரிசோதனை செய்து அந்த எண்களைப் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் ஒப்பிட அதுவே அளவுகோல். கிரேஹவுண்டுகளுக்கு இது ஏன் இன்றியமையாதது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் தவறான சிகிச்சைகள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன.

இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு மற்ற நாய்களில் ஏறத்தாழ 37 முதல் 55 விழுக்காடு. கிரேஹவுண்டில் அது 50 முதல் 65 விழுக்காடு வரை இயல்பு. ஓட்டத்துக்கு வேண்டிய உயிர்வளியைச் சுமப்பதற்கான ஏற்பாடு இது. இதன் விளைவு இருபுறமும் வெட்டும்: 60 என்று வந்தால் நீரிழப்பு என்று தவறாக எண்ண வாய்ப்புண்டு; 40 என்று வந்தால் ஆய்வகத் தாள் இயல்பு என்று காட்டும், ஆனால் கிரேஹவுண்டுக்கு அது இரத்தசோகையாக இருக்கக்கூடும். தட்டணுக்களும் வெள்ளணுக்களும் குறைவாகவே இருக்கும். தசை மிகுதியால், தசைகளிலிருந்து வரும் கழிவான கிரியாட்டினின் சற்று உயர்ந்திருக்கும். அதை மட்டும் பார்த்துச் சிறுநீரக நோய் என்று முடிவு கட்டக் கூடாது. தைராய்டு ஹார்மோனான டி4, பிற நாய்களின் அளவில் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இருக்கும். தொடையின் பின்புறம் முடி உதிர்ந்து வழுக்கையாக இருப்பது இவ்வினத்தில் மிகச் சாதாரணம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்துத் தைராய்டு குறைபாடு என்று கருதி, ஆயுள் முழுதும் தேவையில்லாத மாத்திரை உண்ணும் கிரேஹவுண்டுகள் உண்டு. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் உள்ளிட்ட கூடுதல் பரிசோதனைகள் இல்லாமல் அந்த மாத்திரையைத் தொடங்க ஒப்புக்கொள்ளாதீர்கள். பெரிய இதயமும் மெல்லிய இதய முணுமுணுப்பும்கூட இவற்றில் பெரும்பாலும் நோயின் அறிகுறியல்ல.

ஆனால் தட்டணுக்கள் குறைவு என்பதைக் கிரேஹவுண்ட் அப்படித்தான் என்று எப்போதும் ஒதுக்கிவிடவும் முடியாது. உண்ணிகள் வழியாகப் பரவும் எர்லிக்கியா, பபேசியா ஆகிய நோய்களிலும் அது குறையும். நாய்க்கூடங்களில் இருந்த நாய்களில் பபேசியா தொற்று அறிகுறியே காட்டாமல் நெடுங்காலம் தங்கியிருக்கலாம். ஆகவே உண்ணி நோய்களுக்கான பரிசோதனையையும் முதல் முறையிலேயே செய்துவிடுவது புத்திசாலித்தனம். இவ்வினத்து மருத்துவத்தில் அனுபவமுள்ள மருத்துவர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், மேலே சொன்ன எண்களை ஒரு தாளில் எழுதி எடுத்துச்செல்லத் தயங்க வேண்டாம்.

மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு முட்டைகள் இருந்தால் ஒரு முறை மருந்தோடு விஷயம் முடியாது. பல நாய்கள் நெருங்கி வாழ்ந்த மண்ணில் மருந்துகளைத் தாங்கும் கொக்கிப்புழுக்கள் உருவாகியுள்ளன. அமெரிக்கப் பந்தய கிரேஹவுண்டுகளில் ஒரே நேரத்தில் பல மருந்துகளுக்கு எதிர்ப்புள்ள புழுக்கள் ஆய்வுகளில் உறுதி செய்யப்பட்டுள்ளன. போதாக்குறைக்கு, தசைகளில் உறங்கிக்கிடக்கும் இளம்புழுக்கள், குடலில் உள்ளவை அழிந்தபின் அங்கே வந்து சேரும். மருந்து கொடுத்து இரண்டு வாரங்களுக்குள் மலத்தை மறுபடி பரிசோதித்து, மருந்து வேலை செய்ததா என்று பார்க்கச் சொல்லுங்கள். மலத்தை உடனுக்குடன் அள்ளுங்கள். இப்புழுவின் இளம்பருவம் வெறுங்காலில் நடக்கும் மனிதரின் தோலுக்குள்ளும் நுழையும்.

பற்களைப் பாருங்கள். மென்மையான ஈர உணவில் வளர்ந்ததால், மூன்று வயது நாய்க்கும் பல்லில் தடித்த காரையும் சிவந்த ஈறும் இருப்பது அரிதன்று. சுத்தம் செய்த பிறகு, நாய்களுக்கான பற்பசையால் தினமும் துலக்கும் பழக்கத்தை உருவாக்குங்கள். மனிதரின் பற்பசை கூடாது.

உணவும் எடையும்

ஓய்வு பெற்ற நாய், பந்தய எடையைவிட ஏறத்தாழ இரண்டு கிலோ கூடியிருப்பது பொதுவாகச் சரியான அளவு. கடைசி இரண்டு விலா எலும்புகளின் கோடு தெரிய வேண்டும்; முதுகெலும்பு துருத்தித் தெரியக் கூடாது. நாய்க்குச் சோறே போடுவதில்லையா என்று கேட்பவர்களுக்காக அதைப் பருக்கவைத்துவிடாதீர்கள். அதன் மெல்லிய கால்கள்தான் அந்தச் சுமையைத் தாங்க வேண்டியிருக்கும். பழைய உணவோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து, ஒரு வாரம் பத்து நாட்களில் மாற்றுங்கள். ஒரே வேளையாகக் கொட்டாமல் இரு வேளையாகக் கொடுங்கள். உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது ஓடவிடாதீர்கள். ஆழ்ந்த மார்புள்ள நாய்களுக்கு வயிறு காற்றால் ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வெளிவராமை, உப்பிய வயிறு, எச்சில் ஒழுகல், நிலைகொள்ளாமல் நடத்தல் ஆகியவை சேர்ந்து தோன்றினால், நள்ளிரவானாலும் அப்போதே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

தோல், வெயில், குளிர்

கிரேஹவுண்டின் தோல் மெல்லியது. அதன்மேல் முடியும் குறைவு, கீழே கொழுப்பும் குறைவு. மற்ற நாய்க்குக் கீறலாக முடியும் ஓர் உரசல், இதற்குக் கையளவு கிழிசலாக மாறும். கிழிந்த தோலைச் சுத்தமான துணியால் அழுத்தி மூடி, சில மணி நேரங்களுக்குள் தையல் போடக் கொண்டுபோங்கள். காத்திருந்தால் விளிம்புகள் உலர்ந்து தைப்பது கடினமாகும். வீட்டுச் சுவர்களில் வாலை அடித்து நுனியைப் புண்ணாக்கிக்கொள்வதும் உண்டு. அது ஆறத் தாமதமாகும் என்பதால், முதல் இரத்தத் துளியைக் கண்டதுமே கட்டுப்போட்டுவிடுங்கள்.

வெறுந்தரையில் படுத்தால் முழங்கைகளில் நீர்கோத்த வீக்கம் தோன்றும். தடித்த பஞ்சுப் படுக்கை ஆடம்பரமன்று, தேவை. நீங்கள் மேலாடை அணியும் குளிரில் நாய்க்கும் அணிவியுங்கள். வெயிலில் இதற்கு எதிரான ஆபத்து: பெருந்தசைகள் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். நடையை அதிகாலைக்கும் அந்திக்கும் மாற்றுங்கள். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். 41 டிகிரியைத் தாண்டி, தள்ளாட்டமும் ஓயாத மூச்சிரைப்பும் இருந்தால், முதலில் குளிர்ந்த நீரை உடல் முழுதும் ஊற்றி விசிறிவிட்டு, பிறகு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஈரத்துணியால் போர்த்திவிடுவது வெப்பத்தை உள்ளே அடைக்கும். பயமும் பரபரப்பும்கூடக் கிரேஹவுண்டின் வெப்பத்தை உயர்த்தும் என்பதால், மருத்துவமனைக் காத்திருப்பு அறையிலும் அதைக் கவனித்துக்கொண்டிருங்கள்.

நொண்டினால்

நொண்டலை இவ்வினத்தில் அலட்சியப்படுத்தக் கூடாது, காரணம் எளியதாகவும் இருக்கலாம், மிகக் கொடியதாகவும் இருக்கலாம். பாதத்தின் அடித்திண்டை ஈரப்படுத்தி, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வட்டமாக, வெளிறி, கெட்டியாக ஒரு புள்ளி தெரிந்தால் அது கால் ஆணி. முன்னங்காலின் நடு விரல்களில் அதிகம் வரும். சிமெண்டுத் தரையில் நொண்டும் நாய், புல்லில் இயல்பாக நடந்தால் சந்தேகத்தை அதன்மேல் வையுங்கள். அதை மருத்துவர் அவ்வப்போது தோண்டியெடுப்பார். திரும்பத் திரும்ப வந்தால், விரலை மடக்கும் தசைநாணைத் துண்டித்து அழுத்தத்தைக் குறைக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு. மனிதருக்கான கால் ஆணிப் பட்டைகளை ஒட்டக் கூடாது, அதிலுள்ள அமிலத்தை நாய் நக்கிவிடும். நகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று விழுந்தால் அது அடிபட்டதால் அன்று. நகங்களைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் ஒன்று கிரேஹவுண்டுகளில் காணப்படுகிறது.

பாதத்தில் எதுவும் தெரியாமல், ஒரு வாரத்துக்கு மேல் நொண்டல் நீடித்தால், குறிப்பாக நாய்க்கு ஆறு வயதைக் கடந்திருந்தால், எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். கிரேஹவுண்டுகளை அதிகமாகக் கொல்லும் புற்றுநோய் ஆஸ்டியோசார்கோமா எனப்படும் எலும்புப் புற்றுநோய். அது பெரும்பாலும் கால் எலும்புகளில், முன்னங்காலில் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் அருகிலும், பின்னங்காலில் முழங்காலை ஒட்டியும் வரும். வலிநிவாரணியில் நொண்டல் குறைந்தது என்பதால் நிம்மதியடையக் கூடாது. புற்றுநோயின் வலியும் மருந்தில் தற்காலிகமாகக் குறையும், உள்ளே எலும்பு அரிக்கப்பட்டு ஒருநாள் நடந்துகொண்டிருக்கும்போதே முறியும். உங்கள் அலமாரியிலுள்ள இபுப்ரோஃபென், பாராசிட்டமால் போன்றவற்றை ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

மயக்க மருந்தும் அறுவை சிகிச்சையும்

தயோபென்டால் என்னும் பழைய மயக்க மருந்து கொடுக்கப்பட்ட கிரேஹவுண்டுகள் மணிக்கணக்கில் எழாமல் கிடந்த அனுபவத்திலிருந்துதான் இவ்வினத்துக்கு மயக்க மருந்தே ஆகாது என்ற பேச்சு பரவியது. உடலில் கொழுப்புக் குறைவு என்பது அதற்குச் சொல்லப்பட்ட முதல் விளக்கம். அந்த வகை மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதியின் செயல்பாடு இவற்றில் மந்தமாக இருக்கிறது என்பது பின்னர் தெரியவந்தது. இன்றைய மருந்துகளோடு மயக்கம் கொடுப்பது பாதுகாப்பானதே, ஆனால் அளவைச் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும், விழிப்பதற்குக் கூடுதல் நேரம் ஆகலாம், மேசையில் படுத்திருக்கும்போது உடல் விரைவில் குளிர்ந்துவிடும் என்பதால் வெப்பத்தை அளந்துகொண்டே இருக்க வேண்டும். தயோபென்டால் பயன்படுத்துவதில்லை என்பதை நேரடியாகக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள். சில கிரேஹவுண்டுகளில் அறுவை சிகிச்சையின்போது இரத்தம் இயல்பாக உறைந்து, ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் உறைந்த இரத்தம் அளவுக்கு மீறிக் கரைந்து, காயத்தைச் சுற்றிக் கன்றிப்போய்க் கசிவு தொடங்கும். சாதாரண உறைவுப் பரிசோதனைகள் இதை முன்கூட்டிக் காட்டுவதில்லை. டிரானெக்சாமிக் அமிலம் அல்லது அமினோகாப்ராயிக் அமிலத்தை முன்கூட்டியே கொடுத்து இதைத் தடுக்கும் வழக்கம் உண்டு. உங்கள் மருத்துவரோடு அறுவை நாளுக்கு முன்பே பேசிவிடுங்கள். வீடு திரும்பிய பிறகு மூன்று நாட்களுக்குக் காலையும் மாலையும் காயத்தையும் ஈறுகளின் நிறத்தையும் பாருங்கள். ஈறு வெளிறினாலோ கன்றிய பகுதி பரவினாலோ காத்திருக்கக் கூடாது.

வயதான பிறகு

எட்டு வயதுக்குப் பின், எழுந்திருக்கும்போது தயங்குவது, காரில் ஏற மறுப்பது, பின்னங்கால் நகங்கள் தரையில் உரசுவது ஆகியவற்றை வயதின் இயல்பு என்று விட்டுவிடாதீர்கள். முதுகெலும்பின் அடிப்பகுதியில், இடுப்போடு சேரும் இடத்தில் நரம்புகள் நெருக்கப்படும் நோய் முதிய கிரேஹவுண்டுகளில் அடிக்கடி காணப்படுவது. அதன் இன்னோர் அடையாளம், நடக்கும்போதோ உறங்கும்போதோ நாய் அறியாமலே மலம் சிறு துண்டுகளாக விழுவது. நாயைக் கடிந்துகொள்ள அதில் எதுவுமில்லை, அது நடந்ததே அதற்குத் தெரியாது. வாலை மெல்ல உயர்த்தும்போது வலியில் திரும்பிப் பார்க்கிறதா என்பதை மருத்துவர் சோதிப்பார். தேவைப்பட்டால் எம்ஆர்ஐ எடுத்து, வலிநிவாரணியோ முதுகெலும்புப் பகுதியில் ஸ்டீராய்டு ஊசியோ பரிந்துரைப்பார். அதுவரை தாவி ஏறவேண்டிய சோபாவுக்கு அருகே ஒரு சாய்பலகையை வைத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலேயே தடித்த படுக்கையைப் போட்டு, முதல் நாளில் விரித்த ரப்பர் விரிப்புகளை மறுபடியும் எடுத்து நடைவழி முழுவதும் விரித்துவையுங்கள்.